தமிழ் மன்றச் செயலர் தேர்தலில் நிற்கிறேன், ஓட்டு கேட்பது எப்படி?

நிலாச்சோறு (இழையைத் தொடங்கியவர்) | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. ஊர் பெயர், கல்லூரி பெயர் வேண்டாம், டெல்டா பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தமிழ் மன்றத்துக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை தேர்தல். மாணவர் செயலர், இணைச் செயலர், பொருளாளர் என்று மூன்று பதவிகள். நான் செயலருக்கு மனு கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது.

மன்றத்தில் எந்தத் துறை மாணவரும் சேரலாம், சந்தா 30 ரூபாய். ஆனால் எனக்குத் தெரிந்து செயலர் எப்போதும் பி.ஏ. தமிழிலிருந்துதான் வந்திருக்கிறார். இந்த முறையும் அங்கிருந்து மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் நிற்கிறார். வெண்பா எழுதுவார், பட்டிமன்றத்தில் ஏறினால் அரங்கமே கைதட்டும். மூன்றாவதாக வேதியியல் பையன் ஒருவன்.

எனக்கு மேடையில் நின்றால் தொண்டை வறண்டுவிடும். போன வருட முத்தமிழ் விழாவுக்கு நாற்காலி எண்ணி வாங்கியதிலிருந்து சான்றிதழில் பெயர் எழுதியது வரை செய்தவள் நான். அந்த வேலை பிடிக்கும். ஓட்டு கேட்கத்தான் தெரியாது. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். என்ன பேசுவது?

அரைடிக்கெட் | 9.20

ஆளுக்கொரு பிரியாணி. இழையை மூடலாம்.

கடைசிபெஞ்ச் | 9.31

30 ரூபாய் சந்தா வாங்கும் மன்றத்துக்கு 150 ரூபாய் பிரியாணி போட்டால் ஜெயித்த பிறகு செயலர் பதவியை அடகு வைக்க வேண்டியதுதான்.

தமிழ் மன்றத் தேர்தல் என்றால் பத்துப் பதிவுக்குள் யாராவது உத்திரமேரூர் என்று ஆரம்பிப்பார்கள். நானே சொல்லிவிடுகிறேன்: உத்திரமேரூர். ஆயிற்று.

தங்கை, உங்கள் கல்லூரியில் தேர்தல் நடப்பதே பெரிய விஷயம். எங்களுக்குத் துறைத் தலைவர் வகுப்புக்குள் வந்து, "யாருப்பா கையெழுத்து அழகா இருக்கும்?" என்று கேட்டு ஒருவனை எழுப்பினார். அவன்தான் செயலர். மூன்று வருடமும்.

முன்னாள்செயலர் | 10.05

பேச்சைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் புகைப்பட மன்றத்துக்கு இரண்டு முறை நின்றவன். முதல் முறை பிரமாதமாகப் பேசினேன், தோற்றேன். இரண்டாம் முறை பேச்சு சொதப்பல், ஜெயித்தேன். நடுவில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பட்டியல்.

நாளைக் காலை முதல் வேலையாக ஒருங்கிணைப்பாளரிடம் போய் உறுப்பினர் பட்டியலைக் கேள். சந்தா கட்டியவர்களுக்குத்தானே ஓட்டு? அவர்கள் யார், எந்தத் துறை, எந்த ஆண்டு, எத்தனை பேர்? இது தெரியாமல் வராந்தாவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கும்பிடு போடாதே. ஓட்டே இல்லாத ஆட்களிடம் நான் மூன்று நாள் ஓட்டு கேட்டிருக்கிறேன். எல்லோரும் "உனக்குத்தான் மச்சான்" என்றார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை, பாவம்.

பட்டியல் கிடைத்ததும் ஒரு கோடு போட்ட நோட்டில் துறைவாரியாக எழுது. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் மூன்று குறிகளில் ஒன்று வரும்: நிச்சயம், தெரியவில்லை, அந்தப் பக்கம். "அந்தப் பக்கம்" என்று குறித்தவர்களிடம் சண்டைக்குப் போகாதே, மனம் மாற்றவும் போகாதே. நாளெல்லாம் "தெரியவில்லை" ஆட்களோடு செலவிடு.

அடுத்து, மன்றத்தால் அவர்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று பார். கோபப்படாமல் கேள். தமிழ் மேல் உள்ள பிரியத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. ஓடிக்காக, அதாவது விழாவில் இருந்த நாளை வகுப்புக்கு வந்ததாகவே கணக்கிடும் 'ஆன் டூட்டி'க்காகச் சேர்ந்தவர்களும் உண்டு. விழாவில் ஆடினான், பாடினான், நாடகம் போட்டான். அந்த இரண்டு நாள் வருகைப்பதிவு? படிவத்தில் ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து வாங்கி, துறைத் தலைவர் கையெழுத்து வாங்கி, அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழக்கமாக அது யாரோ ஒருவர் பையில் செமஸ்டர் முடியும்வரை மடிந்து கிடக்கும். அப்புறம் 75 விழுக்காட்டுக்குக் கீழே போய், வருகைக் குறைவுக்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டுவான். அவனுக்கு இந்த மன்றத்தின் மேல் உள்ள ஒரே நினைவு அதுதான்.

"நிகழ்ச்சி முடிந்த மறுநாள் மாலைக்குள் ஓடி படிவம் உங்கள் துறையில் இருக்கும்" என்று சொல். யார் தயவும் இல்லாமல் நீயே செய்து காட்டக்கூடியது இது. உலகத் தமிழ் மாநாடு நடத்துவேன் என்பதைவிட இதற்கு ஓட்டு விழும்.

கண்டிவீதி | 10.48

நான் பேராதனையில் படித்த ஆள். எங்களுக்கும் தமிழ்ச் சங்கம் இருந்தது, நானும் ஒருமுறை ஒரு குழுவுக்கு நின்றேன். முன்னாள்செயலர் சொன்ன நோட்டு முறையைத்தான் நானும் செய்தேன். ஒரு இடத்தில் பிழையாகிப் போனது.

கனிஷ்ட மாணவரிடம் சிரேஷ்ட மாணவன் போய் "எனக்குத்தானே வாக்கு?" என்றால் அவன் என்ன சொல்லுவான்? ஓம் என்றுதான் சொல்லுவான். பகிடிவதை (ராகிங்) காலம் முடிந்து கன நாள் ஆகவில்லை, ஆளுக்கு வேறு வழி இல்லை. நான் அந்த ஓம் எல்லாவற்றையும் "நிச்சயம்" என்று எண்ணி வைத்திருந்தேன். என்னோடு போட்டியிட்டவனும் அதே ஆட்களை அப்படியே எண்ணி வைத்திருக்கிறான். பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

அதனால் தங்கச்சி, முதலாம் வருடப் பிள்ளைகளிடம் வாக்கைக் கேட்க வேண்டாம். சங்கத்தில் என்ன செய்ய விருப்பம் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். விருப்பம் உள்ளவன் தானாகக் கதைப்பான். கதைக்காதவனை "தெரியவில்லை" என்றே எழுதுங்கள்.

ஊர்க்காரன்77 | 11.15

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். நடைமுறை வேறு. உன் ஊர் பஸ்ஸில் வருகிறவர்கள் எத்தனை பேர், உங்க ஆளுங்க எத்தனை பேர் என்று முதலில் [மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | 11.22

ஊர்க்காரன்77, பஸ் கணக்குவரை சரி. மற்றது இங்கே வேண்டாம். அடுத்த முறை பதிவு முழுவதும் போகும்.

பூத்ஸ்லிப் | செவ்வாய், காலை 6.10

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று எல்லாவற்றிலும் தேர்தல் பணி பார்த்திருக்கிறேன். ஓட்டு கேட்பது பற்றி எனக்குத் தெரியாது, ஓட்டு போடுவதும் எண்ணுவதும் தெரியும்.

நேற்று நீக்கப்பட்டதில் என்ன இருந்திருக்கும் என்று எல்லோருக்கும் புரிகிறது. அதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அந்தக் கணக்கைப் போட்டு ஜெயித்த மாணவர் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்தக் கல்லூரியில் கவிதைப் போட்டிக்கு நடுவர் போடுவதுகூட அந்தக் கணக்கில்தான் நடந்தது.

நிலாச்சோறு, மூன்று கேள்விகளை இன்றே ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளம்மா. வாக்குப்பதிவு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை? வாக்குச்சீட்டு அச்சடித்ததா, கையால் பெயர் எழுதுவதா? எந்தச் சீட்டு செல்லாது என்று யார் முடிவு செய்வார்? மூன்றாவதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடு. எண்ணும்போது கேட்டால் சண்டையாகத் தெரியும். முன்பே கேட்டால் சந்தேகம் கேட்கும் பிள்ளையாகத் தெரியும்.

சட்டக்கல்லூரி_சந்துரு | 8.40

லிங்டோ குழு விதிகளை யாரும் சொல்லவில்லையே. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் குழு போட்டு, அதன் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும். வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் செலவுக் கணக்கு தர வேண்டும். ஒலிபெருக்கி, வண்டி, விலங்குகள் எதையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

அரைடிக்கெட் | 8.44

விலங்குகளா? அப்படியானால் யாரோ யானை கொண்டு வந்திருக்கிறார்கள்.

கடைசிபெஞ்ச் | 8.52

சந்துரு, அது மாணவர் பேரவைத் தேர்தலுக்கு. இது 30 ரூபாய் தமிழ் மன்றம். 5,000 ரூபாய் வரம்பு என்று சொன்னால் "ஓ, அவ்வளவு செலவு பண்ணலாமா?" என்று அந்தப் பிள்ளை பயந்துவிடும்.

சட்டக்கல்லூரி_சந்துரு | 9.03

கட்டாயம் என்று சொல்லவில்லை. மன்றத்துக்கென்று எழுதிய விதி இல்லாத இடத்தில் இதைக் காட்டிக் கேட்கலாம் என்கிறேன். கையெழுத்துச் சுவரொட்டி விதி உண்மையில் இவளுக்குச் சாதகம். சான்றிதழில் பெயர் எழுதிய கை.

நிலாச்சோறு | செவ்வாய், இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. பட்டியல் வாங்கிவிட்டேன். மொத்தம் 184 பேர். அதில் 63 பேர் இரண்டாம் ஷிஃப்ட்! இந்தக் கணக்கு எனக்கே தெரியாது. எங்களுக்கு 1.15க்கு முடியும், அவர்களுக்கு 1.30க்குத் தொடங்கும், முகம்கூடப் பார்த்ததில்லை. வாக்குப்பதிவு காலை 10 முதல் 1 மணிவரை. அதாவது அவர்கள் ஓட்டு போடவே முடியாது. போன வருடமும் அப்படித்தானாம்.

இன்னொன்று. போன வாரம் கடைசி நாளில் மட்டும் முதலாம் ஆண்டு மாணவர்கள் 22 பேர் சேர்ந்திருக்கிறார்கள், ரசீது எண்கள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்த் துறை அண்ணனின் நண்பர்கள் சந்தா கட்டியதாகப் பேச்சு. புகார் கொடுக்கவா?

பூத்ஸ்லிப் டீச்சர், வெள்ளைத் தாளைக் கிழித்துப் பெயரை நாமே எழுத வேண்டுமாம். "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர் ஐயா. எழுத்தில் கேட்க வாய் வரவில்லை.

முன்னாள்செயலர் | 8.55

புகார் வேண்டாம். சந்தாவை யார் கட்டினாலும் பெயரை எழுதப் போவது அந்தப் பிள்ளைகளின் கை. யாரோ 30 ரூபாய் கட்டிச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள், அப்புறம் யாரும் அவர்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். நீ போய்ப் பேசு. கண்டிவீதி சொன்ன மாதிரி.

இரண்டாம் ஷிஃப்ட்டுக்காகச் சண்டை போடு. 63 பேர் என்பது மூன்றில் ஒரு பங்கு. நேரத்தை 2.30 வரை நீட்டச் சொல்லி மனு எழுதி, அவர்களில் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடு. மனு உன் பெயரில் போக வேண்டாம், அவர்கள் பெயரிலேயே போகட்டும். நேரம் நீட்டினால் நல்லது. நீட்டாவிட்டாலும் அந்தப் பத்துப் பேர் 1 மணிக்குள் முன்கூட்டியே வந்து போடுவார்கள்.

அந்த வேதியியல் பையன் எதற்கு நிற்கிறான்? உன் பக்கம் விழுகிற அறிவியல் துறை ஓட்டைத்தான் அவன் பிரிக்கிறான். மனு திரும்பப் பெறக் கடைசி நாள் எப்போது? போய்ப் பேசு. மிரட்டாதே, கெஞ்சாதே, அவனுக்கு என்ன வேண்டும் என்று கேள்.

நிலாச்சோறு | வியாழன், இரவு 9.40

வேதியியல் பையனிடம் கேட்டேன். சிரித்துவிட்டான். அவனுக்குச் செயலர் வேலை என்னவென்றே தெரியாது, "ரெஸ்யூம்ல போடலாம்னு நின்னேன்" என்கிறான். பொருளாளருக்கு யாரும் நிற்கவில்லை என்று காட்டினேன். சனிக்கிழமைவரை மனு மாற்றலாம். மாற்றிக்கொள்கிறானாம்.

இரண்டாம் ஷிஃப்ட் மனுவில் பத்துக்குப் பதில் 31 கையெழுத்து. ஐயா 2.15 வரை சரி என்றார்.

அரைடிக்கெட் | 9.43

ரெஸ்யூமில் போடத்தான் நின்றேன் என்று உண்மை பேசுகிறவனைப் பொருளாளராகப் போடலாம். நம்பலாம்.

கண்டிவீதி | 9.58

அந்த 22 பிள்ளைகள்?

நிலாச்சோறு | 10.20

உணவு இடைவேளையில் இரண்டு இரண்டு பேராகப் பார்த்தேன். ஓட்டு பற்றிப் பேசவில்லை. ஒரு பெண் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, கவியரங்கத்துல மரபுக் கவிதைதான் வாசிக்கணுமா? எனக்கு அது வராது, எழுதினத வாசிக்கலாமா?" என்றாள். புதுக்கவிதை எழுதி நோட்டை மறைத்தே வைத்திருக்கிறாள். ஒரு பையன் பறை வாசிப்பானாம், மேடையில் ஏற்றுவீர்களா என்றான். மற்றவர்கள் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "தெரியவில்லை" 20 பேர்.

சரி, இப்போதாவது பேச்சுக்கு வரலாமா? எனக்குக் கை நடுங்குகிறது.

பூத்ஸ்லிப் | 10.41

தமிழ் எவ்வளவு பழமையானது என்று ஆரம்பிக்காதே. உன்னை எதிர்த்து நிற்கிறவர் அதை உன்னைவிட நன்றாகச் சொல்லுவார். அவர் களத்தில் போய் விளையாடாதே.

அந்தப் பெண் கேட்ட கேள்வியைச் சொல், பெயர் சொல்லாமல். அந்தப் பறை வாசிக்கும் பையனைச் சொல். இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு நேரம் கிடைத்ததைச் சொல். ஓடி படிவத்தைச் சொல். இறங்கிவிடு. ஐந்து நிமிடம் தந்தார்கள் என்பதற்காக ஐந்தையும் எடுக்க வேண்டுமா என்ன? இரண்டு போதும். தொண்டை வறளும் என்றாயே, தண்ணீர் பாட்டிலை மேடைக்குக் கொண்டு போ. யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஊர்க்காரன்77 | 11.02

கணக்கையும் சொல்லச் சொல்லுங்கள். போன வருட வரவு செலவை யாராவது பார்த்திருக்கிறார்களா? எங்கள் காலத்தில் மன்றக் கணக்கு கேட்டவனை துரோகி மாதிரிப் பார்ப்பார்கள்.

கடைசிபெஞ்ச் | 11.10

ஊர்க்காரன் முதல் முறையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார்.

பூத்ஸ்லிப் | 11.34

கடைசிபெஞ்ச் கிண்டல் செய்தாலும் இங்கே உத்திரமேரூர் வந்தே தீரும். குடவோலை என்றதும் எல்லோரும் பானையையும் சீட்டு எடுக்கும் சிறுவனையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 என்று இரண்டு கல்வெட்டுகள். ஊரை முப்பது குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்துப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டார்கள். 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்று தகுதிகள். இன்றைக்கு அதை ஜனநாயகம் என்று தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவதற்கில்லை, நிலமில்லாதவனும் பெண்ணும் அந்தப் பக்கமே போயிருக்க முடியாது.

எனக்குப் பிடித்தது யாரெல்லாம் கூடாது என்ற பட்டியல். வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் உறவினர்களும் கூடாது. யார் யார் உறவு என்பதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், "அவன் எனக்குத் தூரத்துச் சொந்தம்தான்" என்று யாரும் நழுவ முடியாதபடி.

சந்துரு சொன்ன இரண்டு வாரக் கெடுவும் அதே கவலைதான். செலவுக் கணக்கைத் தகவல் பலகையில் ஒட்டுவேன் என்று சொல்லம்மா. போன வருடத்துக்காரரைக் குற்றம் சொல்லாமல் சொல்.

நிலாச்சோறு | செவ்வாய், மாலை 4.15

பேசிவிட்டேன். இரண்டரை நிமிடம். தண்ணீர் இரண்டு முறை குடித்தேன். அண்ணன் ஏழு நிமிடம் பேசினார், வெண்பாவில் முடித்தார், எனக்கே கைதட்டத் தோன்றியது, தட்டினேன். நான் ஓடி படிவம் என்றதும் பின்பெஞ்சில் விசில். கணக்கை ஒட்டுவேன் என்றதும் முன்வரிசையில் யாரும் அசையவில்லை.

சுவரொட்டி ஏழு, எல்லாம் கையால். செலவு: சார்ட் 70, ஸ்கெட்ச் 60, டீ 44. மொத்தம் 174 ரூபாய். சந்துரு அண்ணா, வரம்புக்குள் இருக்கிறேன்.

அரைடிக்கெட் | 4.20

டீக்கு 44 ரூபாயா? ஊழல்.

நிலாச்சோறு | வியாழன், இரவு 7.05

எல்லோரும் இருக்கிறீர்களா? பெரிய குழப்பம்.

என் பெயரைச் சொன்னால் அடையாளம் தெரிந்துவிடும், "கவிதா" என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைச் செயலருக்கு நிற்கிற தாவரவியல் பெண் பெயரும் கவிதா. தலைப்பெழுத்து மட்டும் வேறு. பெயரோடு தலைப்பெழுத்தும் துறையும் எழுத வேண்டும் என்று காலையில் வாசலில் அறிவித்தார்கள். மதியம் இரண்டாம் ஷிஃப்ட் வந்தபோது அறிவித்தார்களா என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

126 பேர் போட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு 57. எனக்கு 54. வெற்றுத் தாள், கிறுக்கல் என்று 6 செல்லாதவை. மீதி 9 சீட்டில் "செயலர் – கவிதா" என்று மட்டும் இருக்கிறது. தலைப்பெழுத்து இல்லை, துறை இல்லை. அண்ணன் பக்கத்தில், "செயலர் என்று சுருக்கமாக எழுதியிருக்கலாம், அது இணைச் செயலர் கவிதாவாகவும் இருக்கலாம், ஒன்பதும் செல்லாது" என்கிறார்கள். ஐயா சீட்டையெல்லாம் உறையில் போட்டு ஒட்டி, நாளைக்குச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

டீச்சர், நீங்கள் கேட்கச் சொன்ன மூன்றாவது கேள்வி.

பூத்ஸ்லிப் | 7.20

அதை விடு. ஒன்று மட்டும் சொல். மூன்று பதவிக்கும் ஒரே தாளில்தானே எழுதினார்கள்? அந்த ஒன்பது சீட்டில் இணைச் செயலர் இடத்தில் என்ன எழுதியிருந்தது? பார்த்தாயா?

நிலாச்சோறு | 7.26

ஒரே தாள்தான். ஐந்தில் இணைச் செயலருக்கு வேறு பெயர்கள் இருந்தன, எண்ணும்போது நானும் வேதியியல் பையனும் பார்த்தோம். நான்கில் இணைச் செயலர் எழுதவே இல்லை.

பூத்ஸ்லிப் | 7.41

அப்படியானால் சண்டையே நான்கு சீட்டுக்குத்தான். ஐந்து சீட்டில் அந்தக் கை இணைச் செயலருக்கு வேறொருவரைத் தனியாக எழுதிவிட்டது. அதற்கு மேல் "செயலர் – கவிதா" என்றால் அது உன்னைத் தவிர யார்? 54 உடன் 5, 59. அவருக்கு 57. அந்த நான்கையும் தூக்கிப் போட்டாலும் நீதான்.

பொதுத்தேர்தலில் நாங்கள் கையில் வைத்திருக்கும் 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 56ஆம் விதி இதைப் பேசுகிறது. குறி மங்கலாக இருக்கிறது, ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்பதற்காக மட்டும் சீட்டைத் தள்ளக் கூடாது, இன்ன வேட்பாளருக்குத்தான் போட நினைத்தார் என்பது தெளிவாகத் தெரிந்தால் போதும். உங்கள் மன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் ஐயாவும் தேர்தல் பணி பார்த்திருந்தால் அவருக்கும் இது தெரிந்திருக்கும். காலையில் போய் அந்த ஐந்தை மட்டும் பிரித்துக் காட்டச் சொல்.

சட்டக்கல்லூரி_சந்துரு | 7.50

டீச்சர், அருமை. எதிர்வாதமும் இருக்கிறது. அறிவித்த விதியைப் பின்பற்றிய 111 பேர் இருக்க, பின்பற்றாத ஒன்பது பேருக்கு ஏன் சலுகை என்று கேட்பார்கள். அதற்குப் பதில், மதியம் அறிவித்ததற்குச் சாட்சி இருக்கிறதா என்பதுதான். வாய்வாதம் வேண்டாம், எழுதிக் கொடு.

கண்டிவீதி | 8.15

அந்த ஒன்பதும் பெரும்பாலும் மத்தியானம் வந்த ஆட்களாக இருக்கும் போல. நேரம் நீட்டித் தந்தும் வாசலில் நின்று சொல்ல ஆள் இல்லை.

நிலாச்சோறு | வெள்ளி, மாலை 5.30

எழுதிக் கொடுத்தேன். ஐயா இரண்டு முறை படித்தார். "நீ சொல்றதுல நியாயம் இருக்கும்மா" என்றார். அப்புறம் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, ஒற்றைப்படை செமஸ்டர் அவர், இரட்டைப்படை செமஸ்டர் நான் என்று முடித்துவிட்டார். "ரெண்டு பேரும் நம்ம பிள்ளைங்கதான்."

அரைடிக்கெட் | 5.33

பஞ்சாயத்து ஓவர்.

சட்டக்கல்லூரி_சந்துரு | 5.41

ஒத்துக்கொள்ளாதே. நியாயம் இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டு எப்படிப் பாதியாக வெட்டுவார்? கல்லூரி முதல்வரிடம் போ.

முன்னாள்செயலர் | 6.02

சந்துரு, முதல்வரிடம் போனால் ஜெயிப்பாள். அப்புறம் ஒவ்வொரு ஓடி படிவத்துக்கும் அதே ஐயா கையெழுத்து வேண்டும். வருடம் முழுக்க.

நிலாச்சோறு, கணக்குப் போட்டுப் பார். ஒற்றைப்படை செமஸ்டரில் தொடக்க விழா ஒன்றுதான், மேடை, மாலை, புகைப்படம். பொங்கல் விழா, முத்தமிழ் விழா, போட்டிகள், மலர் எல்லாம் இரட்டைப்படையில். வேலை எல்லாம் உன் தலையில். பெயர் அவருக்கு. அதில் உனக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி, அதற்கு நாங்கள் பதில் சொல்ல முடியாது.

பூத்ஸ்லிப் | 6.30

எனக்கு வருத்தம்தான். எண்ணிக்கையில் ஜெயித்த பிள்ளையைச் சமாதானத்தில் உட்கார வைப்பது நம் ஊர்ப் பழக்கம். ஏற்பதென்றால் சும்மா ஏற்காதே. டிசம்பரில் பதவி மாறும் நாளில் கணக்குப் புத்தகமும் ரசீதுகளும் எழுத்து மூலம் உன் கைக்கு வர வேண்டும் என்று இன்றே கையெழுத்து வாங்கு. இந்த முறை வாய் வரவேண்டும்.

நிலாச்சோறு | திங்கள், இரவு 8.50

ஏற்றுக்கொண்டேன். சந்துரு அண்ணா திட்டாதீர்கள். நான் முதல்வரிடம் போனால் அடுத்த வருடம் இயற்பியலிலிருந்து நிற்கிற பிள்ளைக்கு அந்த அறைக் கதவு திறக்காது.

டீச்சர், வாய் வந்தது. கணக்கு ஒப்படைப்பு பற்றி எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். அண்ணன் முதலில் போட்டார், "எனக்கும் இது நல்லதுதான், போன வருஷக் கணக்கு என் தலையில விழாது" என்றார். புதுக்கவிதைப் பெண்ணின் பெயரைக் கவியரங்கத்துக்கு அவரே எழுதிக்கொண்டார்.

வேதியியல் பையன் போட்டியின்றிப் பொருளாளர். முதல் நாளே போன வருடப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். கடைசிப் பக்கத்தில் "இதரச் செலவு 2,300" என்று இருக்கிறது, ரசீது இல்லை.

ஊர்க்காரன்77 | 8.58

என்ன இதரமாம்?

நிலாச்சோறு | 9.04

பொன்னாடை என்கிறார்கள்.

கடைசிபெஞ்ச் | 9.06

எத்தனை பேருக்கு?

நிலாச்சோறு | 9.07

இரண்டு பேருக்கு.